குளிராத கால்

எனக்குக் குளிரவில்லை. என் நோயின் முதல் அறிகுறி அதுதான்.

மார்கழி மாதத்தின் கடைசி வாரம். விடியும்வரை கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாடைக்காற்று கடலிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. திருகோணமலைக் கடற்கரையில் நானும் என் தங்கை கௌரியும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஈர மணலில் ஓடிப் பழகுவதற்காக நின்றுகொண்டிருந்தோம். கௌரி ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கினாள். அதை ஊன்றி இதைத் தூக்கினாள். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை அவளுக்கு.

"ஐயோ அக்கா, கால் விறைச்சுப் போச்சு. உங்களுக்குக் குளிரேல்லையே?"

"எனக்கென்ன குளிர்? உன்ர கால் பஞ்சுக் கால். என்ர அப்பிடியில்ல."

வீம்புக்குச் சொல்லவில்லை. காற்று காதைக் கடித்தது, மூக்கு நீர் ஒழுகியது, ஆனால் பாதம் இரண்டும் பேசாமல் கிடந்தன. கனடாவில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகன் இதை வாசித்தால் சிரிப்பான். வாசலில் குவிந்த பனியை அள்ளிவிட்டு வேலைக்குப் போகிறவன் அவன். திருகோணமலையில் குளிராம் என்பான். சிரிக்கட்டும். எங்கள் ஊருக்கு அது குளிர்தான். அந்தக் குளிரில் தங்கை துள்ள, நான் அசையாமல் நின்றேன். அன்று முழுவதும் அலுவலகத்தில் அதை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். நாற்பத்தொன்பது வயதில், ஒரு விஷயத்திலாவது அவளை வென்றுவிட்டேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ நீரிழிவு இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் நல்ல நோயாளியாக இருக்கவில்லை. நல்ல அக்காவாகவும் இருக்கவில்லை. இரண்டையும் மறைக்காமல் சொன்னால்தான் நடந்தது விளங்கும்.

பள்ளிக்கூடத்தில் முதலில் ஓட்டக்காரியாக இருந்தவள் நான்தான். நூறு மீற்றர். வெறுங்காலில்தான் ஓடுவோம், சப்பாத்துப் போட்டு ஓடுகிற பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்டிருக்கிறோம். பதினாறு வயதுவரை என்னை ஒருவரும் பிடித்ததில்லை. அதன் பிறகு கௌரி வளர்ந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். தொடக்கத்தில் நான் முன்னுக்குப் போவேன். கடைசி முப்பது மீற்றரில் அவள் வந்து பிடிப்பாள். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். வென்றுவிட்டு, நின்று, திரும்பி வந்து என்னைக் கட்டிப்பிடிப்பாள். தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கட்டிப்பிடிப்பை என்னால் பொறுக்க முடிந்ததில்லை.

நாற்பத்தொரு வயதில் எனக்கு நீரிழிவு வந்தது. அம்மாவுக்கும் இருந்தது. கௌரிக்கு வரவில்லை. ஒவ்வொரு வருடமும் இரத்தம் சோதிப்பாள். ஒவ்வொரு வருடமும் எல்லாம் சரி என்று வரும். பக்கத்து ஒழுங்கையில்தான் அவள் வீடு. பின்னேரம் எங்கள் குசினிக்கு வந்து, மூன்று கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணீர் கலக்குவாள். கரண்டி கிளாஸில் தட்டுகிற சத்தம் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரே வயிற்றில் பிறந்தோம். ஒரே சட்டிச் சோற்றைத் தின்று வளர்ந்தோம். இது மட்டும் ஏன் எனக்கு? எட்டு வருடமாக இந்தக் கேள்வியைத்தான் நான் மருந்தோடு சேர்த்து விழுங்கினேன்.

மாதம் ஒருமுறை கிளினிக் போவேன். அங்குள்ள தாதி ஒவ்வொரு முறையும் ஒரே பாடத்தைச் சொல்லுவார்: வெறுங்காலோடு நடக்க வேண்டாம், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள், ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைப் பாருங்கள். தலையாட்டிவிட்டு வருவேன். எங்கள் ஊரில் செருப்போடு வீட்டுக்குள் ஏறுகிறவரை மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை. என் கால், எனக்குத் தெரியாதா என்றும் நினைத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் இல்ல விளையாட்டுப் போட்டி வருடத் தொடக்கத்தில், மாரி முடியாத நாட்களில் நடக்கும். பரிசு கொடுப்பதற்குமுன் பழைய மாணவிகளுக்கும் ஓர் ஓட்டம் வைப்பார்கள். சனங்கள் சிரிப்பதற்கென்றே வைக்கப்படுகிற ஓட்டம் அது. சேலையைச் செருகிக்கொண்டும் சுரிதாரைப் பிடித்துக்கொண்டும் ஓடுவோம். செருப்பைக் கழற்றி எல்லைக் கயிற்றடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நிற்பதுதான் அங்கே வழக்கம். அந்த வருடம் கௌரி பெயர் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அன்றே நானும் கொடுத்தேன்.

அதற்காகத்தான் கடற்கரையில் அந்தப் பயிற்சி. பத்தோ பன்னிரண்டோ நாள் ஓடியிருப்போம். ஒரு காலை, ஓடி முடித்துத் திரும்பி நடந்து வரும்போது கௌரி நின்றுவிட்டாள்.

"அக்கா, மணலில ரத்தம்."

இரத்தம் ஓரடி விட்டு ஓரடி, வலப்பக்கமாக, ஒழுங்காகக் கிடந்தது. என் வலது காலின் சுவடுகள் அவை. காலை மடக்கிப் பார்த்தேன். சின்னவிரலுக்குக் கீழே, உடைந்த சிப்பித் துண்டு ஒன்று பாதிக்குமேல் உள்ளே இறங்கியிருந்தது. மாரிக் கடல் கரையில் கொண்டுவந்து தள்ளுகிற குப்பையில் ஒன்று. நான் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரித்தேன். கௌரி சிரிக்கவில்லை.

"நோகேல்லையா?"

"இல்ல."

"நோகாட்டி அதுதான் கூடாது எண்டு கிளினிக்கில சொன்னவையெல்லோ? வாங்கோ, இப்பவே போய்க் காட்டுவம்."

"நான் ஓட வாறது உனக்குப் பிடிக்கேல்ல. அதுதான் கதை," என்றேன்.

அவள் முகம் சிறுத்துவிட்டது. எனக்கு அது திருப்தியாக இருந்தது.

கிளினிக்குக்குப் போகவில்லை. போனால் ஓட வேண்டாம் என்பார்கள். மஞ்சளை அப்பி, பிளாஸ்டர் ஒட்டினேன். என் கணவர் துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாக இருக்கிறார். கப்பலில் வந்த மூட்டை ஒன்று கிழிந்திருந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற மனிதர். "என்ன நீர் நொண்டுறீர்?" என்று கேட்டார். "நொண்டேல்ல, வெள்ளம் நிண்டு ஒழுங்கை பழுதாக் கிடக்கு," என்றேன். காலை மேலிருந்து மட்டும் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் அது நல்ல கால்தான். நாலைந்து நாளில் ஒரு மணம் வந்தது. மாரியில் எதுவும் காய்வதில்லை, அலுவலகத்துக்குப் போடுகிற சப்பாத்துத்தான் மணக்கிறது என்று முடிவு செய்து அதைத் தோய்த்துப் போட்டேன். வலி இருந்திருந்தால் இரண்டாம் நாளே ஓடியிருப்பேன், வைத்தியரிடம். வலி எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது எனக்குத் தெரியாது.

போட்டியன்று தூறல். மைதானம் சேறும் தண்ணீருமாக இருந்தது. ஆறு பேர் நின்றோம். விசில் ஊதியதும் வழக்கம்போல நான் முன்னுக்குப் போனேன். கௌரியின் மூச்சு பின்னால் கேட்டது. கடைசி முப்பது மீற்றரில் அது கிட்ட வந்தது. அப்போது அவள் கத்தினாள்.

"அக்கா, நில்லுங்கோ! நில்லுங்கோ அக்கா!"

என்னைக் குழப்பப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். நாடா என் நெஞ்சில் பட்டது. முப்பது வருடத்துக்குமேல் காத்திருந்த நாடா. கை தட்டல், சிரிப்பு, ஒலிபெருக்கியில் என் பெயர். கௌரி வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. சேற்றில் குந்தி என் காலைத் தூக்கப் பார்த்தாள். நான் உதறினேன்.

"பரிசு வாங்கிப்போட்டு வாறன். விடு."

ஒரு பச்சைப் பிளாஸ்ரிக் பேசின் தந்தார்கள். சிரித்துக்கொண்டு வாங்கினேன்.

மூன்றாம் நாள் குளிர் வந்தது. போர்வைக்குமேல் போர்வை போட்டும் பல் கிட்டியது. உடம்பு முழுக்கக் குளிர்ந்தது, காலைத் தவிர. கணவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். பாதம் வீங்கி, சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. அவர் வெளியே போய் ஓட்டோ கூட்டிவந்தார்.

வைத்தியசாலையில் ஓர் இளம் பெண் வைத்தியர் என்னைப் பார்த்தார். கையில் பேனா போன்ற ஒன்று. அதன் நுனியில் விறைப்பான நைலோன் இழை. எங்கள் மீனவர்கள் தூண்டிலுக்குப் போடுகிற நூலில் ஒரு துண்டு போலத்தான் இருந்தது.

"கண்ணை மூடுங்கோ அம்மா. நான் இதால காலைத் தொடுற நேரம் 'ஓம்' எண்டு சொல்லுங்கோ."

இதுவும் ஒரு போட்டியாகத்தான் எனக்குப் பட்டது. கௌரி கட்டிலருகே நிற்கிறாள். தோற்கக் கூடாது. எத்தனை செக்கனுக்கு ஒருமுறை தொடுவார் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்து, "ஓம்" என்றேன். கொஞ்சம் விட்டு, "ஓம்". பிறகும், "ஓம்". நாலாவதைச் சொல்லிவிட்டு நானாகவே கண்ணைத் திறந்தேன். வைத்தியர் குனிந்து நிலத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இழை கீழ விழுந்திட்டுது அம்மா," என்று நிமிர்ந்தார். "நான் இன்னும் தொடவே இல்ல."

கௌரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பச் செய்தார்கள். வலது பாதத்தில் பத்து இடம் தொட்டதில் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. இடது பாதத்திலும் பாதிக்கு மேல் தெரியவில்லை. புற நரம்புச் சிதைவு (நீரிழிவால் கை கால்களின் நுனியிலிருந்து நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழப்பது) என்றார் வைத்தியர். சிலருக்கு எரிவும் ஊசி குத்துவது போன்ற வலியும் வருமாம். சிலருக்கு ஒன்றும் வராதாம். சூடும் குளிரும் தெரியாமல் போவதுதான் முதல் அடையாளமாம்.

"எப்ப தொடக்கம் இப்பிடி?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது டொக்டர்."

"மார்கழியில கடற்கரையில ஓடேக்க அக்காவுக்குக் குளிரவேயில்ல டொக்டர்," என்றாள் கௌரி. "எனக்குத்தான் குளிர்ந்தது."

கட்டிலிலிருந்து எழும்ப முடிந்திருந்தால் அவளுக்கு ஓர் அறை விட்டிருப்பேன். நான் பெருமைப்பட்ட ஒரே விஷயத்தை நோயாளர் அட்டையில் எழுத வைத்துவிட்டாள்.

எக்ஸ்ரேயில் என்பழற்சி (கிருமி காயத்திலிருந்து எலும்புக்குள் இறங்குவது) தெரிந்தது. சத்திரசிகிச்சை வைத்தியர் வயதானவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"சின்னவிரலையும் பக்கத்து விரலையும் எடுக்கவேணும். கிருமி அதோட நிண்டா கால் தப்பும்."

"நிக்காட்டி?" என்று கணவர் கேட்டார்.

வைத்தியர் கையைப் பக்கவாட்டில் வைத்து என் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு காட்டினார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்தார்கள். பாதி வேலையை நோய் முன்னமே செய்து வைத்திருந்தது. விரல்களோடு செத்த சதையையும் வெட்டித் துப்புரவாக்கி, காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டிருந்தார்கள். உள்ளிருந்து வளர்ந்து மேலே வரவேண்டுமாம். அதன் பிறகு பார்த்திருப்பதுதான். காலில் பேனாவால் சிவப்பின் எல்லையில் கோடு போட்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஏறினால் முழங்கால், இறங்கினால் பாதம். காலையும் மாலையும் அந்தக் கோட்டைப் பார்ப்பதே எனக்கு வேலை.

பார்வையாளர் நேரத்துக்கு முதல் ஆளாக வருபவள் கௌரி. அந்த வார்ட்டில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர விடுவார்கள். மழைக்காலம், துடைத்த சீமெந்து நிலம். அவள் என் கட்டிலடியில் நின்று, வலது காலால் இடது காலைத் தேய்ப்பாள், பிறகு இடது காலால் வலதை. "என்ன குளிர் இந்த நிலம்," என்பாள், அவளுக்கே தெரியாமல்.

நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். குதிகால் வெடித்திருந்தது. நகப்பூச்சு பாதி அழிந்திருந்தது. விரலிடுக்கில் மணல். அழகான கால்கள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பத்து விரல்களும் இருந்தன. பத்தும் குளிரில் சுருண்டு சுருண்டு நிமிர்ந்தன. மற்றவர்களின் நகையைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நான் குளிரில் நடுங்குகிற ஒரு காலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வயிறு எரிந்தது என்றே எழுதுகிறேன். வேறு நல்ல சொல் தேட விருப்பமில்லை.

"செருப்பைப் போட்டுக்கொண்டு வா. இல்லாட்டி வராத," என்றேன் ஒருநாள்.

"நேர்ஸ் விடமாட்டா அக்கா."

"அப்ப வராத. நான் ஓட்டத்தில வெண்டதைப் பொறுக்க ஏலாமத்தான் வந்து வந்து பாக்கிறாய்."

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்தாள். என்னோடு ஒருநாளும் உரத்துப் பேசாதவள், அன்றும் உரத்துப் பேசவில்லை.

"நீங்கள் வெல்லேல்ல அக்கா. நான் நிண்டனான். பின்னால ஓடி வரேக்க உங்கட உள்ளங்காலைக் கண்டனான். பிளாஸ்டர் தொங்குது, கால் கறுத்துக் கிடக்கு. அதுக்குப் பிறகு எனக்குக் கால் எழும்பேல்ல. நில்லுங்கோ எண்டு கத்திப்போட்டு நான் நிண்டிட்டன். நீங்கள்தான் நிக்கேல்ல."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. விரல்கள் போன அன்று நான் அழவில்லை. அன்றுதான் அழுதேன். எனக்குக் கிடைத்த ஒரே வெற்றியும் அவள் தந்ததாகிவிட்டது.

மறுநாள் பார்வையாளர் நேரம் வந்தபோது வாசலைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். முதல் ஆளாக அவள் வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது ஆட்களும் வந்தார்கள். கட்டில்களைச் சுற்றி எல்லோருக்கும் ஆட்கள். நான் கூரை விசிறியை எண்ணத் தொடங்கினேன். இருந்ததே நாலு விசிறி. நேரம் முடிய மணி அடிக்கப் போகிற சமயத்தில், நனைந்த தலையோடு, வெறுங்காலோடு வந்தாள்.

"பஸ் பிந்திப்போச்சு. குரக்கன் புட்டு. முழுக்கச் சாப்பிடுங்கோ."

சாப்பிட்டேன். அவளும் முந்தின நாள் கதையை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது. சாப்பாடு கொண்டுவருவோம், சாப்பிடுவோம்.

ஆறாம் நாள் சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியது. சத்திரசிகிச்சை வைத்தியர் என் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். "கால் தப்பிட்டுது. இனி நீங்கள்தான் அதைக் காப்பாத்த வேணும்," என்றார்.

வீடு திரும்பிய பிறகுதான் நீண்ட பகுதி தொடங்கியது. காயம் மூட ஐந்து மாதம் எடுத்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்டப் போனேன். அந்தக் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது. மருந்து கட்டுகிற தாதி கிண்ணியாவைச் சேர்ந்த பெண். கை மெதுவானவர், வாய் கறாரானவர். கண்ணாடித்தாளைக் காயத்தின்மேல் பிடித்து, விளிம்பை வரைந்து, போன வாரத் தாளோடு ஒப்பிடுவார். "மாஷா அல்லாஹ், ஒரு அரிசி அளவு உள்ளுக்கு வந்திருக்கு அக்கா," என்பார். நூறு மீற்றரைச் செக்கனில் அளந்தவள் நான். இப்போது வாரத்துக்கு ஓர் அரிசி. முதல் மாதம் அந்த வேகம் எனக்குக் கோபமூட்டியது. மூன்றாம் மாதம், அரிசி பாதி அரிசியாகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் போடுவதற்கென்று தனிச் செருப்பு வாங்கினோம். மெத்தென்ற றப்பர் அடி, விரல் இல்லாத இடத்துக்கு ஒரு திண்டு, குதிகாலைப் பிடிக்க வார். வந்து போகிறவர்கள் என் முகத்தைப் பார்க்கும்முன் காலைப் பார்த்தார்கள். "வீட்டுக்குள்ள செருப்போ?" என்று ஒரு பெண்மணி கேட்டே விட்டார். "ஓம். ரெண்டு விரல் குடுத்து வாங்கினது," என்றேன். அவர் தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினார். சுவாமி அறைக்குள் மட்டும் எனக்கு மனம் வரவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு இருந்து கும்பிடுகிறேன். விளக்கை என் கணவர் ஏற்றுகிறார்.

உள்ளங்காலைப் பார்க்கிற வேலையைக் கௌரி எடுத்துக்கொண்டாள். அடியில் பிடித்துப் பார்க்க என்னிடம் கைக்கண்ணாடி இருந்தது. ஆனால் அவளுக்கு என்னைத் தெரியும். "நீங்கள் பாத்தா ஒளிப்பியள். நான் பாக்கிறன்," என்றாள். ஒவ்வொரு நாள் பின்னேரமும் என் பாதத்தை மடியில் வைத்து, கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவள் கை பட்டது எனக்குத் தெரியாது. படுவதைக் கண்ணால் பார்ப்பேன். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஆறு மணியானால் கால் தானாகவே கதிரைக்கு வெளியே நீண்டுவிடும்.

உங்களில் என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உணர்வு இழந்த காலோடு வாழ்வது, அக்கறையில்லாத ஒருவரை வீட்டில் வைத்திருப்பது போன்றது. அது ஒன்றும் சொல்லாது. நாமாகத்தான் போய்ப் பார்க்கவேண்டும். ஒருநாள் பஸ்ஸால் இறங்கி அலுவலகம்வரை வந்துவிட்டேன்; வலது செருப்பு பஸ் படியிலேயே நின்றுவிட்டது எனக்குத் தெரியவில்லை. காவலாளிதான் சொன்னார். இப்போது நடக்கும்போது இடைக்கிடை குனிந்து பார்க்கிறேன், கால் எங்கே இருக்கிறதென்று. குளிரென்று சுடுதண்ணீரில் கால் வைக்காதீர்கள். முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஆறவிட்டுக் கழுவுங்கள். நோகவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த மார்கழியில் மறுபடியும் கடற்கரைக்குப் போகத் தொடங்கினேன். கல் பதித்த பாதையில், கட்டின சப்பாத்தோடு, அரை மணித்தியாலம். முன்பெல்லாம் எவ்வளவு சீக்கிரம் முடிப்பேன் என்று நடப்பேன். இப்போது அரை மணித்தியாலம் முடிந்துவிடுகிறதே என்றிருக்கிறது. ஒவ்வோர் அடியையும் கண்ணால் வைத்து நடக்கிறவளுக்கு நேரம் அகலமாகிவிடுகிறது. மழைத்தண்ணீர் நின்ற இடத்தையும், துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கிற கப்பலையும், ஊருக்குள்ளிருந்து புல் மேய வந்து நிற்கிற மான்களையும், அத்தனை வருடம் ஓடிய அதே கரையில், இப்போதுதான் பார்க்கிறேன்.

முதல் நாள் கௌரி புதிய ஓட்டச் சப்பாத்தோடு வந்தாள். நீல நிறம். லேஸைக்கூட இன்னும் சரியாகக் கட்டத் தெரியவில்லை.

"இதென்ன?" என்றேன்.

"நானும் இனிச் சப்பாத்தோடதான் ஓடுவன்."

"ஏன், உனக்கு என்ன வருத்தம்? ரத்தத்தில ஏதும் வந்ததோ?"

"ஒண்டுமில்ல அக்கா. போன மாதமும் பாத்தனான், எல்லாம் சரி."

"கிளினிக்கில கால் சோதிச்சவையோ?"

"ஓம். தொட்ட இடமெல்லாம் தெரிஞ்சது."

"அப்ப ஏன் இந்தக் கோலம்?"

அவள் கடலைப் பார்த்தாள். "நீங்கள் இப்பிடி இருந்து பாத்துக்கொண்டிருக்க, நான் எப்பிடி அக்கா வெறுங்காலோட..."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வார்ட்டில் வந்த அதே கோபம்.

"கழட்டு."

"அக்கா..."

"கழட்டு எண்டுறன். ஒருக்கா எனக்காக நிண்டது காணும். இன்னொருக்கா நிக்காத."

அவள் குந்தி, லேஸை அவிழ்த்து, சப்பாத்து இரண்டையும் என் பக்கத்தில் கல்லின்மேல் வைத்தாள். மணலில் காலை வைத்ததும், "ஐயோ" என்று துள்ளினாள். ஓடினாள். நாற்பத்தெட்டு வயதில், வாடைக்காற்றில், மான்கள் இரண்டு விலகி வழிவிட, முழங்காலை நன்றாகத் தூக்கி, எங்கள் விளையாட்டு ஆசிரியை சொல்லித்தந்தபடியே ஓடினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பொறாமை ஒரு துளியும் குறையவில்லை. குறையும் என்று உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அவள் நிற்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இன்னும் ஓடட்டும், அந்தக் கரை முடியும்வரை ஓடட்டும் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வந்து, மூச்சு வாங்க, கல்லில் என் பக்கத்தில் அமர்ந்தாள். நான் குனிந்து அவள் வலது காலை எடுத்து என் மடியில் வைத்தேன்.

"என்னக்கா இது, விடுங்கோ. நீங்கள் மூத்தவ, என்ர காலைப் பிடிக்கிறதோ? ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். பேசாம இரு."

நோய் இன்னும் என் கைகளுக்கு வரவில்லை. ஈர மணல் ஒட்டிய அந்தப் பாதத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடித்தேன். குளிர் கைக்குள் ஏறியது. என் விரல் மூட்டுகள் நொந்தன. நல்ல குளிர்தான்.

"நல்லாக் குளிருதோ?"

"ஓம் அக்கா. விறைக்குது."

"எந்த இடம்? சொல்லு."

"குதியில அவ்வளவாயில்ல," என்றாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "சின்னவிரல் பக்கம்தான் கூட."

நான் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.